ஆஸ்பத்திரி மாடித் தட்டு

எங்கள் ஊர் ஆஸ்பத்திரி மாடியில் அந்தத் தட்டைக் கொண்டுவந்து வைத்தபோது முதலில் கிண்டல் செய்தவள் நான்தான். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. யாரோ தர்மவான்கள் மலைமேல் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி அது. பிரசவம் பார்ப்பார்கள், பாம்புக்கடிக்கு ஊசி போடுவார்கள், மற்ற எதுவானாலும் கீழே அனுப்பிவிடுவார்கள். கீழே என்றால் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே. ஒரு நாள் லாரியில் ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தட்டு வந்து இறங்கியது. மாடியில் ஒரு இரும்புக் குழாயில் அதைப் பொருத்தி, அண்ணாந்து பார்க்கிற மாதிரி திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள். இனிமேல் நகரத்துப் பெரிய டாக்டர் டிவிப் பெட்டியில் வந்து வைத்தியம் சொல்லுவார், எல்லாம் வானத்தில் இருக்கிற செயற்கைக்கோள் வழியாக என்று ஊரெல்லாம் பேச்சு.

நான் அங்கே ஆரம்பப் பள்ளியில் டீச்சர். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், "சோத்துக்கே சிங்கியடிக்கிற நாட்டுக்கு ராக்கெட் ஒரு கேடாங்க?" என்றேன். என்னோடு வேலை பார்த்த சாருக்கு இதெல்லாம் உயிர். "புயல் பாடம் நடத்தறீங்களே டீச்சர், அந்தப் புயல் வர்றது முன்னாடியே எப்படித் தெரியுதாம்?" என்று கேட்டார். "புயல் கடலோரத்துல அடிக்குது. மலைக்காட்டுக்காரங்களுக்கு அதனால என்ன புண்ணியம்?" என்று நான் டப்பாவை மூடினேன். அவர் சிரித்துக்கொண்டே தன் டப்பாவைக் கழுவப் போனார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அது அவருக்குத் தெரியும்.

வாய் நீளமே தவிர, உள்ளுக்குள் நான் பயந்தாங்கொள்ளி. எங்கள் மலையில் நாலைந்து ஊர் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பேர். வளப்பூர் நாட்டில் பிறந்து வாழவந்தி நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். மலையை விட்டு வேறெங்கும் இருந்ததில்லை. ஆனாலும் பஸ் வளைவில் திரும்பும்போது மற்றவர்கள் கடலை கொறிப்பார்கள், நான் டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் பள்ளிவிட்டு வர ஐந்து நிமிடம் தாமதமானால் கிணறு, பாம்பு, லாரி என்று மூன்றும் மனசுக்குள் வந்துவிடும். என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். எது வந்தாலும் 'ஒண்ணுமில்ல' என்பார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே அவர் பாதி வாழ்க்கையை ஓட்டிவிட்டார்.

அந்த வருடம் எங்கள் பெண்ணுக்குப் பைல் நாட்டிலிருந்து சம்பந்தம் வந்திருந்தது. நல்ல குடும்பம், மிளகும் மரவள்ளியும் போட்டிருந்தார்கள், பையன் கீழே கம்பெனியில் வேலை பார்த்தான். பையனின் அத்தை எங்கள் ஊரிலேயே இருந்தார். பேச்சை எடுத்ததும் அவர்தான், இரண்டு பக்கமும் நடந்து நடந்து அதை வளர்த்ததும் அவர்தான். மாசி போய்ப் பங்குனியில் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம்.

தை மாதத்தில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் இருமல் மாதிரி ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மண்ணில் கொட்டிக் கிடந்தது வெற்றிலை எச்சில் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் அவர் வெற்றிலை போடுவதில்லையே என்று உறைத்தது.

மூட்டை தூக்கித் தூக்கி அவருக்கு முதுகுவலி. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரைகளை மிட்டாய் மாதிரி தின்றுகொண்டிருந்தார். வயிறு எரிகிறது என்று இரண்டு மூன்று முறை சொல்லவும் செய்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வாருங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மா இரு."

"ரத்தமுங்க. ஒண்ணுமில்லைன்னா என்ன அர்த்தம்?"

"மெதுவாப் பேசு. ரத்தங் கக்கறான்னு ஒருத்தர் காதுல உழுந்தாப் போதும், சயரோகம்னு முடிவு கட்டிருவாங்க. அந்த ஊட்டுல பொண்ணு எடுக்கறதான்னு பைல் நாட்டுக்காரங்க பின்வாங்கிருவாங்க. கலியாணம் முடியட்டும், நானே வந்து காட்டறேன்."

நான் கேட்கவில்லை. அழுதேன், திட்டினேன். அவர் என் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப் போனார். பெண் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கையை எடுத்து அவள் தலைமேல் வைத்தார். "யாருகிட்டயும் மூச்சு உடமாட்டேன்னு சொல்லு" என்றார். பெற்ற பிள்ளையின் தலைமேல் அடித்த சத்தியத்தை மீறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் சூரிய கிரகணத்துக்கு ராகு கேது காரணமில்லை என்று பாடம் நடத்துகிறவள்தான் நான். ஆனால் அந்தச் சூடான தலைமுடி கையில் பட்டதும் பாடமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. சொன்னேன். அவர் மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் தும்மினாலும் திரும்பிப் பார்ப்பேன். இரண்டாம் முறை ரத்தம் வரவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார், நானும் நம்ப ஆசைப்பட்டேன்.

மாசியில் எங்கள் மலையில் சமதளமாக எந்த இடம் கிடைத்தாலும் அங்கே மிளகு காயும். ரோட்டு ஓரம், பள்ளிக்கூட முற்றம், கோயில் கல்கட்டு எதையும் விடமாட்டோம். ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஆஸ்பத்திரிக்கு மட்டும் தளம் போட்ட மொட்டைமாடி. நாள் முழுக்க வெயில், ஆடு கோழித் தொல்லை கிடையாது. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஆளாளுக்குப் பாய் விரிப்பார்கள். எங்கள் மிளகும் அங்கேதான் கிடந்தது.

அன்றைக்குப் பருவம் தப்பிய தூறல். மத்தியானத்துக்கு மேல் காற்றும் சேர்ந்துகொண்டது. இவர் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அள்ளிக் குவித்து மூடிக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தூறலில் நனைந்தது என்று நினைத்துத் துண்டைக் கொடுத்தேன். துடைக்கத் துடைக்க முகத்தில் ஈரம் பொத்துக்கொண்டு வந்தது. எல்லாம் வியர்வை.

"வாய்வுதான் புள்ள. சுக்குத் தண்ணி வெய்யி."

இடது கை நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தது. உதடு சாம்பல் நிறம். நான் சுக்கைத் தேடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் வண்டியில் இவரை நடுவில் உட்காரவைத்து, நான் பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டேன். பெண் குறுக்கு வழியில் ஓடி எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நின்றாள்.

டாக்டர் சமவெளியிலிருந்து புதிதாக வந்த இளைஞர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இசிஜி எடுத்தார். காகிதம் நெளிநெளியாகக் கோடு போட்டுக்கொண்டு வெளியே வந்தது. அதைப் படிக்கத் தெரியாத நான் அவர் முகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். அது நன்றாக இல்லை.

"ஹார்ட் அட்டாக் மாதிரிதான் இருக்குதும்மா. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி ஒண்ணு நம்மகிட்ட இருக்கு. சீக்கிரம் போட்டா நல்லது. ஆனா எல்லாருக்கும் போட முடியாது, சிலருக்கு அதுவே ஆபத்தாயிரும். பெரிய டாக்டர் பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் போடணும்னு உத்தரவு."

"இந்தக் கடுதாசிய எப்படிங்க அவங்களுக்குக் காட்டுவீங்க?"

அவர் விரலை மேலே நீட்டினார். நான் கிண்டல் செய்த அந்தத் தட்டு.

டெலிபோன் வழக்கம்போல் தூறல் விழுந்ததுமே செத்துவிட்டது. செல்போனுக்கு அப்போது எங்கள் பக்கம் டவர் கிடையாது. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதும் அங்கிருந்த நர்ஸம்மாதான். அவர் பெட்டியைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். ஒயரைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினார். "சிக்னலே இல்லீங்க சார். புதன்கிழமை நல்லாத்தான் பேசினோம்" என்றார். டாக்டர் ஜீப்பை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னார், மறு நிமிடமே ஊசிப் பெட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். போடுவதா, போடாமல் அனுப்புவதா என்று அவர் தவித்தது அப்பட்டமாகத் தெரிந்தது. எனக்கு அவர்மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

கட்டிலில் படுத்திருந்தவர் கையைக் கொஞ்சம் தூக்கினார்.

"நர்ஸம்மா, மேல ஒருக்காப் பாருங்க. தார்ப்பாய் பறந்துரும்னு அந்தத் தட்டுக் கம்பியில நாந்தான் ஒரு முடிச்சுப் போட்டேன்."

நெஞ்சுவலிக்காரர் என்பதால் விட்டேன், இல்லாவிட்டால் அங்கேயே ஒரு அறை விட்டிருப்பேன். ஆனால் யோசித்தால், எங்கள் ஊரில் வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். மாசியில் எங்கள் ஆட்களுக்குக் கண்ணில் படுகிற கம்பெல்லாம் கயிறு கட்டத்தான். காற்று தார்ப்பாயை உப்பவைத்திருக்கிறது, தார்ப்பாய் கயிற்றை இழுத்திருக்கிறது, கயிறு தட்டை இழுத்திருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரும் நானும் மாடிக்கு ஓடினோம். முடிச்சு நனைந்து இறுகிக் கிடந்தது. அவர் அருவாளால் ஒரே வெட்டாக வெட்டினார். தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டு ஒதுங்கியது, மிளகு தளமெல்லாம் சிதறியது, மிதித்துக்கொண்டே போனோம். தட்டு ஒரு பக்கம் திரும்பியிருந்தது. குழாயில் பிடிப்பு முன்பு இருந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் புதுசாக, பளிச்சென்று ஒரு கீற்றாகத் தெரிந்தது. அதை வைத்து ஏறக்குறைய பழைய இடத்துக்குத் தள்ளினோம். சிக்னல் வரவில்லை.

மலையில் டிவி வந்த காலத்தில் ஆன்டெனா திருப்பாத வீடு கிடையாது. ஒருத்தர் கூரைமேல், ஒருத்தர் வாசலில், ஒருத்தர் பெட்டிக்கு முன்னால். 'தெரியுதா?' 'புள்ளி புள்ளியாத் தெரியுது.' 'இப்ப?' 'போச்சு.' ஞாயிற்றுக்கிழமைகளில் மலை முழுக்க இந்தச் சத்தம்தான் கேட்கும். அதே வேலையை அன்றைக்கு நாங்கள் ஒரு உயிருக்காகச் செய்தோம். நர்ஸம்மா பெட்டிக்கு முன்னால், பெண் படிக்கட்டில், நாங்கள் தட்டைப் பிடித்துக்கொண்டு.

"வரலம்மா."

ஒரு விரற்கடை திருப்பினோம்.

"இல்லம்மா."

மறுபக்கம் திருப்பினோம்.

"வந்துச்சாம். போயிருச்சாம்மா."

அவள் குரல் உடைந்துகொண்டிருந்தது. முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் பூமியோடு சேர்ந்து சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும் என்று என் வாயாலேயே பாடம் சொல்லியிருக்கிறேன். அப்போது அது பரீட்சைக்கு வருகிற ஒரு வரி, அவ்வளவுதான். மேலே பார்த்தேன். மேகம்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் அது இருக்கிறது என்று என்ன நிச்சயம்? தூறலும் கண்ணீரும் சேர்ந்து முகத்தில் வழிய, "அங்கதான இருக்கற சாமி, எங்கயும் போயிராத" என்று அதனிடம் கெஞ்சினேன். பக்கத்து வீட்டுக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்.

தட்டின் கீழ் ஓரத்தை ஒரு நூல் தூக்கினோம்.

"அம்மா, அசையாத. அப்படியே புடி."

பக்கத்து வீட்டுக்காரர் திருகாணியை முறுக்கும்வரை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு கீழே ஓடினேன்.

திரையில் ஒரு பெண் டாக்டர். நரைத்த தலை, சிடுசிடுப்பான முகம், காதில் ஒயர். இசிஜி அவருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. காகிதத்தைப் பார்க்கிற அவர் கண்ணை இங்கிருந்து நாங்கள் பார்த்தோம். "அட்டாக்தான்" என்றார். "எப்ப ஆரம்பிச்சது? பிரஷர் எவ்வளவு?" எங்கள் டாக்டர் பதில் சொன்னார். நாம் பேசுவது மேலே போய்க் கீழே இறங்கி, அவர்கள் பதில் மேலே போய்க் கீழே இறங்கி வர ஒரு சின்ன இடைவெளி விழும். அந்த இடைவெளியில் அறையில் யாரும் மூச்சு விடவில்லை.

யாரும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதற்குள் ஊரே அங்கே கூடியிருந்தது. எங்கள் பக்கம் ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் தனியாக விடமாட்டார்கள். டாக்டர் அறையை விட்டு வெளியே போகச் சொன்னதும் மரியாதையாக வெளியே போய், ஜன்னலில் நின்றுகொண்டார்கள். முதல் ஆளாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் பையனின் அத்தை. பாவம், அக்கறையில்தான் வந்திருந்தார், கண் கலங்கியிருந்தது.

நர்ஸம்மா ஊசி மருந்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். பெரிய டாக்டர் நேராக இவரைக் கேட்டார்.

"ஐயா, வயித்துல புண்ணு இருக்கா? எப்பவாவது ரத்த வாந்தி எடுத்தீங்களா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்லீங்க."

நெஞ்சைப் பிளக்கிற வலியிலும் அந்தச் சொல் அவருக்கு அவ்வளவு சரளமாக வந்தது. டாக்டர் அடுத்து என் பக்கம் பார்த்தார். பார்த்தார் என்றால் கேமராவைப் பார்த்தார், ஆனால் என்னைப் பார்ப்பது மாதிரியே இருந்தது. "அம்மா, நீங்க சொல்லுங்க. கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

வாயைத் திறந்தேன். ஜன்னலில் அத்தை முகம். கதவோரம் படிக்கட்டிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்க நிற்கிற என் பெண், நனைந்து ஒட்டிய தலைமுடி. கட்டிலில் இவர் கண். 'சொல்லாதே' என்று அந்தக் கண் சொன்னது, மிரட்டலாக இல்லை, கெஞ்சலாக. தலைமேல் கை வைத்துச் சொன்னதை மீறினால் இந்தப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ. மீறாவிட்டால் இவருக்கு என்ன ஆகுமோ. என் புத்தி அந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டது.

தான் கேட்டது எனக்கு வந்து சேரவில்லை என்று டாக்டர் நினைத்திருக்க வேண்டும். "கேக்குதாம்மா?" என்றார். "ரத்த வாந்தி உண்டா? இருந்தா இந்த ஊசியைப் போடக்கூடாது. உள்ளுக்குள்ளயே ரத்தம் கொட்டிரும்."

"எடுத்தாருங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. "போன மாசம். தையில. மாட்டுக் கொட்டாயிக்குப் பின்னால. ரத்தமா எடுத்தாருங்க. வலி மாத்திரை ரொம்பத் திங்கறாருங்க."

அந்தச் சொல் ஒரு பக்கம் வானத்துக்கு ஏறியது. இன்னொரு பக்கம் ஜன்னலைத் தாண்டிப் போயிற்று. டாக்டருக்குப் போய்ச் சேர்வதற்கு முன்னால் அத்தைக்குச் சேர்ந்துவிட்டது. கம்பியிலிருந்து அவர் கையை எடுத்ததைப் பார்த்தேன். ஒரு நொடி கழித்துத்தான் திரையில் டாக்டரின் முகம் மாறியது.

"ஊசியை எடுத்து வைங்க. போடவே கூடாது. அப்படியே கீழே கொண்டுவாங்க. இங்க நாங்க ரெடியா இருக்கோம், ரத்தக்குழாய்க்குள்ள கம்பி விட்டு அடைப்பைத் திறந்துக்கலாம்." பிறகு வழியில் என்ன கொடுக்கவேண்டும், என்ன கொடுக்கக்கூடாது என்று எங்கள் டாக்டருக்கு வரிசையாகச் சொன்னார்.

இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஜீப்பில் இறங்கியதை விவரமாக எழுத இன்றைக்கும் எனக்குத் தெம்பில்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கம் சாயும், நான் முட்டுக்கொடுப்பேன், டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்ப்பார். வழக்கமாக டிரைவரின் கையைப் பார்க்கிற நான் அன்றைக்கு ரோட்டையே பார்க்கவில்லை. கணவர் பிழைக்கவேண்டும் என்று வேண்டினேன். அடுத்த மூச்சில், ஜீப்பின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணைத் திரும்பிப் பார்த்து, இவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டினேன். இரண்டையும் சேர்த்துக் கேட்டால் ஒன்றைத்தான் கொடுப்பார்களோ என்று அதற்கு வேறு பயந்தேன்.

கீழே ஸ்ட்ரெச்சரோடு காத்திருந்தார்கள். நரைத்த தலை டாக்டர் நேரில் இன்னும் குள்ளமாக இருந்தார். அடைப்பைத் திறந்தார்கள். பிறகு குழாய் விட்டு வயிற்றைப் பார்த்தவர்கள் புண் ஆறவேயில்லை என்றார்கள். அந்த ஊசி உள்ளே போயிருந்தால் மலையிலிருந்து இறங்கியிருக்கவே மாட்டார் என்று எங்கள் இளம் டாக்டர் பிற்பாடு என்னிடம் சொன்னார். சயரோகம் இல்லை என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

எழுதிக் கொடுத்து என்ன? பைல் நாட்டிலிருந்து ஆள் வரவில்லை. பங்குனி வந்தது, போயிற்று. பையனுக்கு ஜாதகத்தில் ஏதோ தோஷமாம், இப்போதைக்கு வேண்டாமாம் என்று அத்தையே வந்து சொன்னார். என் கண்ணைப் பார்க்காமல்தான் சொன்னார். இவர் என்னோடு பேச ஆரம்பிக்க நாளாயிற்று. மாத்திரையைக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார், தம்ளரைத் திருப்பிக் கொடுப்பார், அவ்வளவுதான். மாதம் ஒரு முறை அதே பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் உட்காரவைப்பேன். பெரிய டாக்டர் திரையில் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். எழுபது வளைவு இறங்காமல் வீடு வந்து சேருவோம். பள்ளிக்கூடத்து சார் என்னிடம் எதையும் சொல்லிக்காட்டவில்லை. டிவியில் ராக்கெட் விடுகிறபோது நானே பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். மேகத்துக்குள் அது மறைகிறவரைக்கும் கண்ணை எடுக்கமாட்டேன்.

ஆனால் அந்தத் தட்டால் தீராத பயம் ஒன்று என்னிடம் இருந்தது. பெண் படியில் இறங்கினால் பார்த்து இறங்கு என்பேன். கிணற்றடிக்குப் போனால் நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். அவள் வயதுப் பெண்கள் சிரித்தார்கள். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடப்பாள்.

அடுத்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். மூன்றாம் நாள் கண் திறக்கமுடியவில்லை, உடம்பு தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், திரையில் வேறொரு டாக்டர் வந்து மருந்தை மாற்றினார், பயமில்லை என்றார். எனக்கு மட்டும் தெரியும் இது எதனால் வந்தது என்று. கட்டிலோரம் உட்கார்ந்து மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டே, என்னை எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். சத்தம் வெளியே கேட்கிறது என்று தெரியவில்லை.

"அம்மா."

"என்ன கண்ணு? தண்ணி வேணுமா?"

"அன்னிக்கு நான் தூங்கலம்மா."

எனக்குப் புரியவில்லை. காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்தேன்.

"அப்பா உன் கையைக் கொண்டாந்து என் தலையில வெச்சப்ப முழிச்சுட்டுத்தான் இருந்தேன். எல்லாங் கேட்டுச்சு." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஆஸ்பத்திரியில நீ வாயத் தொறக்காம நின்ன பாரு, அப்ப எனக்கு உசுரே இல்ல. சொல்லிரு சொல்லிருன்னு வேண்டிக்கிட்டே நின்னேன். நீ சொல்லாம உட்டு அப்பா போயிருந்தா, என் தலைக்காகத்தான் போனாருன்னு ஆயிருக்கும். அதை வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா உசுரோட இருப்பேன்?"

மாசியிலிருந்து அவள் தலையை நான் தொட்டதே இல்லை. எண்ணெய் வைக்கச் சொன்னால்கூட நீயே வைத்துக்கொள் என்று கிண்ணத்தைத் தள்ளியிருக்கிறேன். அவளே என் கையைத் தேடி எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். தலை அனலாகக் கொதித்தது. காய்ச்சல் விட்டு அது வியர்க்கிறவரைக்கும் நான் கையை எடுக்கவில்லை.